கார் வரையப் போறீங்களா? முதல்ல வானத்தைப் பாருங்க!

டேப்லெட் இல்லை, அதனால கார் டிசைன் நமக்கு வராதுன்னு நினைக்கிறீங்களா? எம்.டெஸ். படிக்க எழுதும் சி.இ.இ.டி. நுழைவுத்தேர்வின் இரண்டாம் பகுதியில் இன்னமும் காகிதத்தில் கையால்தான் வரையணும், நண்பர்களே! பென்சில், வாட்டர் கலர், தடிமனான டிராயிங் பேப்பர் போதும்.

திருவானைக்காவல் கோயில் மதிலுக்கு எதிரே ஒரு கறுப்பு அம்பாசடர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 2014 வரை தயாரான வண்டி. உடம்பெல்லாம் வளைவு, பழக நல்ல பாடம்.

ரகசியம் ஒன்றுதான்: பளபளக்கும் கார் ஒரு கண்ணாடி. அதன் நிறத்தை வரையாதீங்க, அது பார்ப்பதை வரையுங்க. பானெட்டும் கூரையும் வானத்தைக் காட்டும். கதவில் எதிர் மதில் இருண்ட பட்டையாக விழும். அதற்குக் கீழே சாலை.

1. எச்.பி. பென்சிலால் மெல்லிய கோட்டுருவம். பக்கவாட்டில் திரும்பிய சக்கரம் வட்டமல்ல, நீள்வட்டம்.

2. வானம் தெரியும் இடங்களில் வெளிர் நீலம். மிகவும் மின்னும் இடத்தில் பேப்பரை அப்படியே விடுங்க.

3. நன்றாகக் காய்ந்த பிறகே அடர்நிறம். அவசரப்பட்டால் கலங்கிடும், இங்கே ‘அன்டூ’ கிடையாது!

4. வண்டிக்கு அடியில் நிழலை 6பி பென்சிலால் அழுத்துங்க. இல்லைன்னா கார் மிதக்கும்.

5. கடைசியாக குரோம் பம்பரில் வெள்ளை போஸ்டர் கலரில் ஒரு புள்ளி.

ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க. பளபளப்பு வரலையா? வெள்ளையைக் கூட்டாதீங்க, பக்கத்து இருட்டைக் கூட்டுங்க!