குளிர்கால அரங்கில் ஐவர் கால்பந்து

மார்கழிக் குளிருக்கே போர்வையை விட்டு எழ மனமில்லாத நமக்கு, வட நாடுகளின் குளிர்காலத்தை எண்ணிப் பார்ப்பதும் கடினம். கனடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும், ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விளையாட்டுத் திடல்களைப் பனி மூடிவிடுகிறது. சில இடங்களில் தரையே உறைந்து கல்லாகிவிடும். பொழுதும் விரைவில் சாய்ந்துவிடும். அப்படியானால் அங்குள்ள சிறுமியர், கோடையில் கற்ற கால்பந்தாட்டத்தை மூன்று மாதம் மறந்திருக்க வேண்டியதுதானா? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே ஃபுட்சால் என்னும் உள்ளரங்கக் கால்பந்து. இவ்விளையாட்டு எத்தகையது, இளம் ஆட்டக்காரருக்கு இதனை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை இங்குக் காண்போம்.

குளிர்காலம் ஒரு விளையாட்டை அரங்கிற்குள் அழைத்து வந்தது இது முதன்முறையன்று. நாம் ஆடும் கூடைப்பந்து, 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர் மாதங்களில் மாணவர் உள்ளேயே ஆடுவதற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அமைத்ததாகும். அவர் பணியாற்றியது ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. அதே சங்கத்தைச் சேர்ந்த மற்றோர் ஆசிரியரான ஹுவான் கார்லோஸ் செரியானி, 1930ஆம் ஆண்டு உருகுவே நாட்டின் தலைநகரான மாண்டிவிடியோவில் ஃபுட்சாலை வகுத்தார். முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெற்று, உருகுவே வாகை சூடியதும் அவ்வாண்டில், அந்நகரில்தான். ஊரெங்கும் கால்பந்து ஆர்வம் பொங்கிய அவ்வேளையில், அவர் கூடைப்பந்திலிருந்து ஐவர் அணியையும், ஹேண்ட்பாலிலிருந்து ஆடுகளத்தின் அமைப்பையும், வாட்டர் போலோவிலிருந்து கோல்காப்பாளருக்குரிய விதிகளையும் எடுத்து, கால்பந்துடன் இணைத்தார்.

இனி விதிகளைப் பார்ப்போம். பன்னாட்டுப் போட்டிகளில் ஆடுகளம் 38 முதல் 42 மீட்டர் நீளமும், 20 முதல் 25 மீட்டர் அகலமும் கொண்டது. கோல் கம்பங்களுக்கு இடையே 3 மீட்டர். உயரம் 2 மீட்டர். கோல்காப்பாளரையும் சேர்த்து அணிக்கு ஐவர். ஒவ்வொரு பாதியும் 20 நிமிடம். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிறுத்தப்படும். பந்து சாதாரணக் கால்பந்தைவிடச் சிறியது. எடையில் ஏறத்தாழ அதே அளவு, அதாவது 400 முதல் 440 கிராம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால், முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்பும். ஆகவே பந்து தலைக்கு மேல் பறப்பது குறைவு. காலோடு ஒட்டி நிற்பதே மிகுதி.

ஆஃப்சைடு விதி இதில் கிடையாது. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியாமல், கோட்டின்மேல் வைத்துக் காலால் உதைத்துத் தர வேண்டும்; அதுவும் நான்கு நொடிக்குள். மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறையும் மாற்றலாம். ஒரு பாதியில் ஓர் அணி ஆறாவது நேரடி ஃபவுல் செய்துவிட்டால், எதிரணிக்குத் தடுப்பு வரிசை இல்லாத நேரடி உதை கிடைக்கும். எனவே முரட்டு ஆட்டத்தால் அணிக்கே நட்டம் நேரும்.

கற்பிக்கும் முறை யாது? முதல் பாடம் பாதுகாப்பு. ஆணியில்லாத ரப்பர் அடிக் காலணியும், முழங்காலுக்குக் கீழே காப்பும் அணிய வேண்டும். வளையல், தோடு, சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். ஈரத் தரையைத் துடைத்த பின்னரே ஆட்டம் தொடங்க வேண்டும். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைத் தொடக்கத்தில் அறவே விலக்குவது நன்று.

இரண்டாம் பாடம் உள்ளங்கால். வரும் பந்தை உள்ளங்காலால் மிதித்து நிறுத்தவும், பின்னுக்கு இழுக்கவும், பக்கவாட்டில் உருட்டவும் பழக வேண்டும். மூன்றாம் பாடத்தில் நால்வர் சதுரமாக நின்று பந்தை மாற்றிக்கொள்ள, நடுவில் ஒருத்தி அதைப் பிடிக்க முயலட்டும். பந்தைத் தந்தவள் நின்ற இடத்திலேயே நில்லாமல் வேறிடம் நகர வேண்டும். நான்காம் பாடம் சிறு ஆட்டம். பின்னே ஒருத்தி, இருபுறமும் இருவர், முன்னே ஒருத்தி என நின்று, தம்முள் இடம் மாறி ஆடட்டும். கோல்காப்பாளர் பணி அனைவருக்கும் முறைவைத்து வரட்டும்.

இங்கு ஆசிரியைக்கு ஒரு சோதனை உண்டு. திறமையுள்ள இருவரே பந்தை வைத்துக்கொண்டு ஆடினால் வெற்றி எளிது. ஆனால் சுவரோரமாக நிற்கும் கூச்சமுள்ள சிறுமி என்ன கற்பாள்? பதினொருவர் ஆடும் பெருந்திடலில் அவள் ஒதுங்கி நிற்பது எவர் கண்ணிலும் படாமல் போகலாம். ஐவர் அணியில் அது உடனே தெரிந்துவிடும். ஆகவே, நால்வர் காலிலும் பந்து பட்ட பின்னர் அடிக்கும் கோலே கணக்கில் சேரும் என்று பயிற்சியின்போது விதித்துப் பாருங்கள். முதலில் முணுமுணுப்பு எழும். சில நாட்களில், அந்தச் சிறுமியின் பெயரைத் தோழியரே உரக்க அழைத்துப் பந்தைத் தருவார்கள். அவளும் கால் நடுங்காமல் அதனை ஏற்கப் பழகுவாள்.

ஓரத்தில் நிறுத்தப்பட்டது ஒரு சிறுமி மட்டுமன்று. ஃபுட்சாலைத் தன் உயிரெனப் போற்றும் பிரேசில் நாட்டில், 1965ஆம் ஆண்டு விளையாட்டுக் குழு ஒன்றின் ஆணை, கால்பந்துடன் இவ்வுள்ளரங்கக் கால்பந்தையும் பெண்களுக்குத் தடை செய்தது. அத்தடை 1979இல்தான் நீங்கியது. ஆடவருக்கான ஃபிஃபா உலகப் போட்டி 1989இல் நெதர்லாந்தில் தொடங்கிற்று. 2018இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் சிறுமியருக்கும் ஃபுட்சால் இடம்பெற்று, போர்த்துகல் தங்கம் வென்றது. மகளிருக்கான முதல் உலகக் கோப்பையோ 2025இல்தான் பிலிப்பைன்ஸில் நடைபெற்றது. ஆடவருக்குப் பின் 36 ஆண்டுகள்! ஆடத் தெரியாமையால் அன்று, ஆட விடாமையாலேயே இத்தனை காலம் கழிந்தது.

நம் ஊரில் பனி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை உண்டு. திடல் சேறாகிக் கிடக்கும் நாட்களில், மழை விட்டதும் முதலில் உலர்வது சிமெண்டுத் தளமே. கூடைப்பந்துத் தளத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, இரு முனையிலும் கோல் அமைத்தால், சிறுமியர் பழகுவதற்கு அதுவே போதும். பெற்றோரே, 'பெண் பிள்ளைக்குக் கால்பந்து எதற்கு?' என்று தயங்க வேண்டா. மாணவியரே, பந்து உங்களிடம் வரும்போது அஞ்சி விலகாதீர்கள். உங்கள் காலுக்கு வந்த பந்தை, ஓரத்தில் நிற்கும் தோழிக்கும் தந்து ஆடுங்கள்.