காட்டுக்குக் கடிகாரம், சதுப்புக்கு ஓத அட்டவணை: சிங்கப்பூர் நடைபாதைகள்

சிங்கப்பூர் சின்னத் தீவு. அதன் காட்டுப் பாதைகளுக்கும் சதுப்புநிலப் பாதைகளுக்கும் பேருந்திலோ ரயிலிலோ படகிலோ போய் அன்றே திரும்பிவிடலாம். அதனால் பாதையைத் தேர்ந்தெடுக்கையில் தொலைவைவிட நேரமே பெரிது. காட்டில் நடப்பதற்கு நாளின் பொழுதைப் பார்க்கவேண்டும். சதுப்பில் நடப்பதற்குக் கடல் ஏறி இறங்கும் பொழுதைப் பார்க்கவேண்டும்.

கையில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் புக்கிட் தீமா போதும். உயரம் 163 மீட்டர். தீவிலேயே உயரமான இயற்கைக் குன்று இதுதான். ‘தீமா’ என்றால் மலாயில் வெள்ளீயம், ஆனால் இங்கே வெட்டியெடுத்ததோ கருங்கல். உச்சிவரை தார்ச்சாலை உண்டு. ஏற்றம் செங்குத்து என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. உச்சியில் மரங்கள் பார்வையை மறைத்து நிற்கும். காட்சிக்காக ஏறுபவர்களுக்கு ஏமாற்றம்தான். இங்கே பார்க்கவேண்டியவை அந்த மரங்களே.

அரை நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கம். அதைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நடந்து முடிக்க நான்கு மணி நேரமாவது ஆகும். மரங்களின் உச்சியை ஒட்டிச் செல்லும் 250 மீட்டர் தொங்குபாலம் இதன் நடுவில் இருக்கிறது. அது ஒருவழிப் பாதை. பாதி தூரம் போய்த் திரும்ப இயலாது. திங்கட்கிழமைகளில், அரசு விடுமுறை நாள் நீங்கலாக, பாலம் மூடியிருக்கும். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும். பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்குகள் இறங்கிவரும்; அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். பிற்பகலில் இடி மழை பிடித்துக்கொள்வது இந்த ஊரில் வழக்கம் என்பதால் காலை ஏழு மணிக்கே நடையைத் தொடங்குவது நல்லது.

சதுப்புநிலத்தில் முதலிடம் சுங்கை பூலோவுக்கு. 202 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காப்பகம் ஒருகாலத்தில் இறால் பண்ணைகளாக இருந்தது. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை சைபீரியா போன்ற வடதிசைப் பகுதிகளின் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இங்கே வந்து தங்குகின்றன. அவற்றைப் பார்க்க நீர் வற்றும் நேரமே நல்லது என்று தோன்றும், உண்மை நேர்மாறானது. நீர் வற்றினால் பறவைகள் வெளியே கடலோரச் சேற்றுத்திட்டுகளில் சிதறி மேயும். ஓதம் ஏறி அந்தத் திட்டுகள் மூழ்கியதும் கூட்டமாக உள்ளே பறந்துவந்து பழைய இறால் குளங்களின் கரையில் ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். மதகுகளால் குளத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் அங்கே எப்போதும் கொஞ்சம் சேறு மிஞ்சியிருக்கும். ஓதம் ஏறிய நேரத்தில் குளத்தோர மறைவிடங்களில் காத்திருந்தால் போதும். பெரிய பாலத்தின் கீழே உப்புநீர் முதலை மிதப்பதும் உண்டு. பாதையை விட்டு இறங்கக் கூடாது. தரை சமம் என்பதால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் வர ஏற்றது. ஏப்ரலுக்குப் பிறகு பறவைக்காக மட்டும் போவது வீண். உடும்பும் நீர்நாயும் ஆண்டு முழுதும் இருக்கும்.

புலாவ் உபின் தீவின் செக் ஜாவாவுக்குக் கணக்கு தலைகீழ். கடற்புல், நட்சத்திர மீன், நண்டு எல்லாம் ஓதம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் வெளியே தெரியும். மண் கொட்டி மூடப்படவிருந்த இந்தக் கரை, 2001 இறுதியில் அத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் பிழைத்தது. சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். கரையோர மரப்பாதை மாலை ஆறு மணிக்கு மூடப்படுகிறது. நீர் வற்றுவது அதற்குப் பிறகுதான் என்று ஓத அட்டவணை காட்டினால் அன்று உபினுக்குப் போகவேண்டாம். அப்படிப்பட்ட நாளில் நண்பகலை ஒட்டி ஓதம் ஏறியிருக்கும். சுங்கை பூலோவுக்கு அதுதான் சரியான நேரம்.