அடுப்பும் போராட்டமும்: இரயில்வே வேலைநிறுத்தங்களும் தொழிற்சங்க நிதியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

இரயில்கள் ஓடவில்லை என்றால் நாடே அறியும். நிலையத்தில் காத்திருக்கும் பயணிகளைப் பற்றியும், தேங்கிக் கிடக்கும் சரக்குகளைப் பற்றியும் நாளேடுகள் எழுதும். ஆனால் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியின் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்பவர் சிலரே. கூலியின்றி எத்தனை நாள் தாங்க முடியும் என்ற கேள்வியே பல போராட்டங்களின் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. இக்கேள்விக்குத் தொழிற்சங்கங்கள் கண்ட விடையே வேலைநிறுத்த நிதி. அதன் வரலாற்றையும் கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

வேலைநிறுத்த நிதி என்பது யாது?

உறுப்பினர்கள் செலுத்தும் சந்தாவில் ஒரு பகுதியைச் சங்கம் தனியே சேர்த்து வைக்கிறது. வேலைநிறுத்தம் வரும்போது, கூலி இழந்த உறுப்பினர்களுக்கு அதிலிருந்து உதவித்தொகை வழங்குகிறது. பொதுவாக இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. சந்தா பாக்கி இருத்தல் கூடாது. வேலைநிறுத்தத்தைச் சங்கத்தின் செயற்குழு ஏற்றிருக்க வேண்டும். இத்தொகை முழுக் கூலிக்கு ஈடாவதில்லை. குடும்பம் பட்டினி கிடவாமல் காப்பதே இதன் நோக்கம்.

டாஃப் வேல் தந்த பாடம்

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதியில் டாஃப் வேல் இரயில்வே கம்பெனியின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைநிறுத்தம் விரைவில் முடிந்தது; வழக்கு முடியவில்லை. தனக்கு ஏற்பட்ட நட்டத்திற்காகக் கம்பெனி, இரயில்வே ஊழியர் ஒருங்கிணைந்த சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1901இல் பிரபுக்கள் சபை கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுன் இழப்பீடு தர நேர்ந்தது. வழக்குச் செலவையும் சேர்த்தால் ஏறத்தாழ 42,000 பவுன் ஆயிற்று.

தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முதலாளியின் கைக்குச் சென்றது. நிதி வைத்திருப்பதே ஆபத்து என்ற நிலை பிறந்தது. சங்கங்கள் வேலைநிறுத்தம் என்று சொல்லவே அஞ்சின. பல சங்கங்கள் அப்போதுதான் தோன்றியிருந்த தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவில் சேர்ந்தன. 1906ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்குழு 29 இடங்களை வென்றது. அவ்வாண்டே நிறைவேறிய தொழில் தகராறுச் சட்டம் சங்க நிதிக்குப் பாதுகாப்பு அளித்தது. அக்குழுவே பின்னர்த் தொழிற்கட்சி எனப் பெயர் பெற்றது.

1919: பண்டகசாலை காத்த வேலைநிறுத்தம்

முதல் உலகப் போருக்குப் பின்னும் பிரிட்டிஷ் இரயில்வேக்கள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. போர்க்காலத்தில் உயர்ந்த கூலியைக் குறைக்க அரசு முற்பட்டபோது, 1919 செப்டம்பர் 26 நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இயந்திர ஓட்டுநர் சங்கத்தின் கூலிப் பிரச்சினை முன்னரே தீர்ந்துவிட்டது. இருந்தும் அவர்கள் ஏனைய தொழிலாளருக்காக வேலையை நிறுத்தினர்.

வங்கியில் பணம் இருந்தால் மட்டும் போதாது; அது ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் தொழிலாளரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இரயிலே ஓடாதபோது இஃது எளிதன்று. இங்கே கூட்டுறவு இயக்கம் துணை வந்தது. சங்கத்தின் சீட்டுகளை ஏற்றுக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் உணவுப் பொருள் வழங்கின. அக்டோபர் 5ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை கூலி குறைக்கப்படாது என்ற உறுதி கிடைத்தது.

ஒரு சிறு கணக்கு

இனி, கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 10,000 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் வேலைநிறுத்த நிதிக்கு மாதம் 20 ரூபாய் தருகின்றனர். மாதம் 2 இலட்சம். ஆண்டுக்கு 24 இலட்சம். பத்தாண்டுகளில் 2 கோடியே 40 இலட்சம். அனைவரும் வேலையை நிறுத்தி, நாளொன்றுக்கு 300 ரூபாய் பெற்றால் ஒரு நாள் செலவு 30 இலட்சம். பத்தாண்டுச் சேமிப்பு எட்டே நாளில் தீர்ந்துவிடும்!

மாறாக, 1,000 பேர் மட்டும் வேலையை நிறுத்தினால் நாள் செலவு 3 இலட்சம். நிதி 80 நாள் வரும். வேலையில் இருக்கும் 9,000 பேரும் நாளுக்கு 30 ரூபாய் கூடுதலாகத் தந்தால் 2,70,000 ரூபாய் வந்துவிடும். சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது 30,000 மட்டுமே. எனவே, முக்கியமான சில பிரிவுகளை மட்டும் வேலைநிறுத்தத்தில் இறக்கிப் பிறர் தாங்குவது ஒரு முறை.

விட்டுவிட்டு ஒருநாள் வேலைநிறுத்தம் செய்வது மற்றொரு முறை. 2022 ஜூன் 21 முதல் பிரிட்டனில் நடைபெற்ற இரயில்வே வேலைநிறுத்தங்கள் இவ்வகையின. குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வேலை நின்றதால் ஒரு மாதத்தில் இழந்த கூலி தாங்கக்கூடிய அளவில் இருந்தது. போராட்டமும் நீண்ட காலம் தொடர்ந்தது.

1974: நம் நாட்டின் அனுபவம்

இந்தியாவில் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தொழில் தகராறினால் உறுப்பினர் அடையும் நட்டத்திற்குச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து ஈடுசெய்ய இடம் தந்தது. சட்டம் இடம் தந்தாலும் பணம் வேண்டுமே!

1974 மே 8ஆம் நாள் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையிலான மாபெரும் இரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. அவர் மே 2ஆம் நாளே கைது செய்யப்பட்டிருந்தார். கலந்துகொண்டோர் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் என்பர். தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 85 இலட்சம் ரூபாய். இருபது நாளுக்கு 17 கோடி. அத்தகைய தொகையை எந்தச் சங்கத்தால் சேர்த்து வைக்க முடியும்? ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். பலர் வேலை இழந்தனர். இரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மே 27இல் வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது.

அன்று அது தோல்வி எனப்பட்டது. ஆயினும் 1977இல் ஆட்சி மாறிய பின் வேலை இழந்தோர் மீண்டும் அமர்த்தப்பட்டனர். கோரிக்கைகளுள் ஒன்றான போனஸும் 1979இல் இரயில்வே ஊழியருக்குக் கிட்டியது.

முடிவுரை

வேலைநிறுத்தத்தால் பொதுமக்களுக்குத் துன்பம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூலியை இழந்து நிற்பவனும் அப்பொதுமக்களுள் ஒருவனே. பேச்சுவார்த்தை மேசையில் இரு தரப்பாரும் சமமாக அமர வேண்டுமானால், ஒரு தரப்பாரின் வீட்டில் மட்டும் பசி காவலிருத்தல் கூடாது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது மூதுரை. அவ்வெள்ளமும் எட்டு நாளில் வற்றும் என்கிறது கணக்கு. வற்றாமல் காப்பவை இரண்டு: வேலையில் இருப்பவன் இல்லாதவனுக்குத் தரும் பங்கு, சீட்டை நம்பி அரிசி அளக்கும் அண்டை அயலாரின் மனம். மாதந்தோறும் சந்தாச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்தும் தொழிலாளி, தனக்காக மட்டும் சேமிக்கவில்லை. தான் பார்த்தறியாத தோழனின் அடுப்புக்கும் சேர்த்தே சேமிக்கிறான். இதனை நாம் உணர்தல் வேண்டும்.