ஈரம் காயுமுன்

கோவளம்,
தை பிறந்த மறுநாள்.

அன்பு மகளே,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விரல் கணுக்களில் குறுக்கே வெடித்து, வெடிப்புக்குள் ரத்தம் துளிர்த்திருக்கிறது. கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "ஜன்னலைத் திறந்தா எதிர்ல நிக்கிற மரமே தெரியல பெரியம்மா, அவ்வளவு மூடுபனி. இவ்வளவு ஈரத்துல தோல் எப்படிக் காயுது?" நல்ல கேள்வி. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன்னை வார்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காற்றை ஒரு குடம் என்று வைத்துக்கொள். வெயிலில் பெரிதாகி, குளிரில் சுருங்கும் குடம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 7 டிகிரியில் 8 கிராம்கூடத் தாங்காது. நீ இருக்கும் டெல்லியில் ஜனவரி விடியற்காலை ஏறக்குறைய அந்த 7 டிகிரிதான். குடம் நிரம்பி வழிவதுதான் நீ பார்க்கும் மூடுபனி. நிறைகுடம்தான், ஆனால் சின்னக் குடம். அந்தக் காற்று உன் அறைக்குள் வந்து, ஹீட்டர் சூட்டில் 22 டிகிரி ஆகிறது. இப்போது குடம் 19 கிராம் பிடிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது, உள்ளே இருப்பதோ 8 கிராமுக்கும் குறைவு. மீதியை எங்கிருந்தாவது இழுக்கப் பார்க்கும். அந்த அறையில் ஈரமுள்ள பொருள் உன் உதடு, உன் விரல், உன் மூக்கின் உட்புறம்.

நம் ஊரில் தை மாதத்திலும் அதே ஒரு கன மீட்டர் காற்றில் 15 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். அப்படிப்பட்ட கடற்காற்றில் பத்தொன்பது வருஷம் வளர்ந்த தோல் உன்னுடையது. டெல்லிக் குளிரை அது இப்போதுதான் முதல்தடவை பார்க்கிறது. பயப்படாதே, உன் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்து, தோல் எப்படி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்று தெரிந்துகொள். மேல்தோலின் வெளிப்புற அடுக்கு செத்த செல்களால் ஆனது. செங்கல் சுவர் மாதிரி: செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே கொழுப்பாலான சாந்து. உன் பாடப்புத்தகத்தில் செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று போட்டிருப்பார்களே, அதுதான் அந்தச் சாந்து. குளிர்காலத்தில் அது தானாகவே குறையும். சோப்பு அதை மேலும் கரைத்துக்கொண்டு போகும். கடலை ஒட்டிய நம் தெருவில் உப்பு பொரிந்து காரை உதிர்ந்த சுவர்களைப் பார்த்திருக்கிறாய். காரை போன பிறகு மழை உள்ளே இறங்குவதை யார் தடுக்க முடியும்? தோலில் சாந்து போனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் அம்மாவின் காலில் பார்த்தேன். நம் முகத்துவாரத்துக்கு மேற்கே கேளம்பாக்கம் வரைக்கும் உப்பளங்கள் கிடக்கின்றனவே, வெள்ளைக்காரன் காலத்திலேயே பேர்பெற்ற அளங்கள், அங்கேதான் உன் ஆயா வேலைக்குப் போனாள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும், தையில் பாத்திகளைச் சேறு வழித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். வெறுங்காலோடு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் மிதிப்பாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் குதிகாலில் பித்தவெடிப்பு, ஒரு காசைச் செருகி வைக்கலாம் போல. சின்ன வயதில் எனக்கும் உன் கேள்வியே வந்தது: நாளெல்லாம் தண்ணீரில் நிற்கும் கால் ஏன் காய்ந்து வெடிக்கிறது?

ஈரம்தான் வறட்சியைக் கொண்டுவருகிறது, மகளே. தோலில் ஊறிய தண்ணீர், ஈரத்தைப் பிடித்துவைக்கும் யூரியா, அமினோ அமிலம் போன்ற பொருள்களைக் கரைத்து எடுத்துவிடும். உப்பு தன் பங்குக்குத் தோலின் ஈரத்தை இழுக்கும். பிறகு காற்றில் காயும்போது முன்பு இருந்ததைவிட மோசமாகக் காயும். ஆயா இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். கோவிலில் ஏற்றி மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி, தேங்காயெண்ணெயில் கலந்து, ஆறவிட்டு ஒரு டப்பாவில் வைப்பாள். ராத்திரி காலைக் கழுவி, துணியால் ஒற்றியும் ஒற்றாமலும் இருக்கும்போதே அதை வெடிப்பில் அப்பி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பாள். மருந்து மெழுகில் இல்லை, அவள் பூசிய நேரத்தில் இருந்தது. ஈரம் காய்வதற்குள் அதன்மேல் மூடி போட்டாள். அதனால்தான் அது வேலை செய்தது. நீ அடுப்பில் மெழுகு உருக்க வேண்டாம், சுட்டுக்கொள்வாய். கடையில் விற்கும் பெட்ரோலியம் ஜெல்லி அதைவிட நன்றாக மூடும். அதைக் கையிலும் காலிலும் பூசி, மேலே பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள். வெடிப்பு தடித்துப் போயிருந்தால் யூரியா கலந்த கிரீம் கேட்டு வாங்கு.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்தேன். உதகையில் முதல் வேலை. குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் குளிப்பேன். அரிப்பெடுத்த காலுக்குச் சுடுதண்ணீர் அவ்வளவு சுகமாக இருக்கும். வெளியே வந்த பத்தாவது நிமிஷம் அரிப்பு இரண்டு மடங்காகும். ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே தோல் பாம்புச் சட்டை மாதிரி வரிவரியாகிவிட்டது. கூட இருந்த மூத்த சிஸ்டர் ஒருத்தர் பார்த்துத் திட்டின பிறகுதான் திருந்தினேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. சோப்பு அக்குளுக்கும் இடுப்பு மடிப்புக்கும் பாதத்துக்கும் மட்டும் போடு. கையிலும் காலிலும் தினமும் நுரைக்கத் தேய்க்க அங்கே என்ன அழுக்கு இருக்கிறது? தோலின் அமில-கார அளவு (pH) 5-ஐ ஒட்டியது, சாதாரணச் சோப்போ 9, 10 என்று காரம். நார் போட்டுத் தேய்க்காதே. துண்டால் ஒற்று. உடம்பு பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும்போதே, குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள், எண்ணெயோ கிரீமோ பூசிவிடு. முழுக்கக் காய்ந்த பிறகு பூசுவது, தண்ணீர் போன பிறகு குடத்துக்கு மூடி போடுவதுதான்.

உன் விரல் வெடித்ததற்கு டெல்லி மட்டும் காரணமில்லை, வார்டும் ஒரு காரணம். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை கை கழுவுகிறாய் என்று எண்ணிப் பார். ஆயாவின் உப்பளம் மாதிரிதான் அதுவும். கை கண்ணுக்குத் தெரிய அழுக்காகாத நேரங்களில், உங்கள் மருத்துவமனை விதிப்படி சானிடைசரைப் பயன்படுத்து. சோப்பைவிட அது கைக்கு நல்லது. வெடிப்பில் பட்டால் எரியும்தான், எரிச்சலைப் பார்த்துப் பயந்துதான் பல பிள்ளைகள் சோப்புக்கு ஓடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் கைக்காகவே 1.45 சதவீதம் கிளிசரால் சேர்த்திருக்கிறார்கள். துணி அலசும்போது கையுறை போடு.

எந்த எண்ணெய் என்று கேட்பாய். தேங்காயெண்ணெய்தான். நம் பழக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2004-ல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் சோதித்தார்கள். தேங்காயெண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே மாதிரி பலன் தந்தன. உன் அறைத்தோழி கடுகெண்ணெய் தருவாள். அவள் அம்மா அன்போடு கொடுத்தனுப்பியது, மறுத்துப் புண்படுத்தாதே, ஆனால் வெடித்த தோலில் பூசாதே. எலிகளில் செய்த சோதனையில் அது தோலின் அரணைச் சிதைத்தது. ஆலிவ் எண்ணெயும் தோலுக்கு நல்லதில்லை. சூரியகாந்தி எண்ணெய் பரவாயில்லை. நம் வீட்டில் பன்னீரில் கலந்து வைக்கும் கிளிசரினைத் தனியாகப் பூசிவிட்டு நிறுத்தாதே. காய்ந்த காற்றில் அது தோலின் அடியிலிருந்தே ஈரத்தை இழுத்து மேலே விட்டுவிடும். அதன் மேல் ஒரு பூச்சு எண்ணெய் வேண்டும்.

உதட்டை நக்காதே. எச்சில் காயும்போது உதட்டையும் சேர்த்துக் காயவைக்கும்.

தலைமுடிக்கு வேறு கணக்கு. முடி செத்த பொருள். அது உள்ளிருந்து எதையும் குடிக்காது, நீ என்ன சாப்பிட்டாலும் முளைத்து வந்த முடியைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு இழையின் மேலும் மீன் செதில் மாதிரி செதில்கள் படிந்திருக்கும். தண்ணீர் பட்டால் முடி ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஊதி ஊதிச் சுருங்கித்தான் செதில் தூக்கிக்கொள்கிறது. நம் கடற்கரையில் அலைச்சறுக்கு ஓட்டும் பிள்ளைகளின் முடி செம்பட்டையாகி நார் மாதிரி ஆவது உப்பும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. டெல்லியில் கடினத் தண்ணீரும் கம்பளித் தொப்பியின் உராய்வும் அந்த வேலையைச் செய்கின்றன. குளித்த பிறகு பளபளப்புக்கு எண்ணெய் தடவுவதைவிட, குளிப்பதற்கு முன் தடவுவதுதான் முடியைக் காக்கும். தேங்காயெண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. அது இழைக்குள்ளே நுழைந்து, முடி தண்ணீரில் ஊதுவதைக் குறைக்கும். 2003-ல் மும்பையில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் இரண்டோடும் ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். விற்பவர்கள் செய்த ஆய்வுதான், ஆனாலும் வேதியியல் சரியாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்த நம் வழக்கத்திலும் முறை இதுவேதான்: எண்ணெய் முன்னால், தண்ணீர் பின்னால்.

ஒன்றை மட்டும் கலந்து குழப்பிக்கொள்ளாதே. பொடுகு வேறு, வறண்ட மண்டை வேறு. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்று வாழ்வது. மஞ்சள் கலந்த, பிசுக்கான செதிலாக உதிர்ந்தால் எண்ணெயை நிறுத்தி, கீட்டோகொனசோல் ஷாம்பு போடு. ஈர முடியை இறுக்கிப் பின்னாதே. தொப்பிக்கு உள்ளே ஒரு பட்டுத் துணியோ வழுவழுப்பான துணியோ தைத்துக்கொள்.

லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் தோல் மின்னும் என்பார்கள். தாகத்துக்குக் குடி, அது போதும். மருந்துக்கடையில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு டியூப் வாங்கி முகத்தில் போடாதே. அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு வாரம் மின்னும், பிறகு தோலை மெலிய வைத்துவிடும். 2018-லேயே அரசு இந்த கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணை போட்டது. பத்து நாளில் வெடிப்பு மூடாவிட்டாலும், சீழோ வட்டமான படையோ வந்தாலும், உன் மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. வெட்கப்படாமல் போய் நில். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், அவர் காலில் பித்தவெடிப்பு வராமல் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்சலில் இரண்டு பாட்டில் தேங்காயெண்ணெய், நான்கு ஜோடிப் பருத்திச் சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். பிரிக்கும்போது எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதே. 24 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான் இருக்கும். பாட்டிலைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி வை, இளகிவிடும்.

அன்புடன்,
பெரியம்மா