கொலைக்கருவி அளித்தலும் மதுரை முற்றுகையும்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதமும் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவர். பயனின்றிப் பாவம் சேர்க்கும் ஐவகைச் செயல்களை அது விலக்குகிறது. அவற்றுள் கொலைக்கருவி அளித்தல், தீய நினைவு என்னும் இரண்டை இம்முறை மதுரை வரலாற்றோடு சேர்த்துப் படிப்போம்.

1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிசு உடன்படிக்கை கையெழுத்தாகி, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த ஏழாண்டுப் போர் ஓய்ந்தது. ஆனால் அதே ஆண்டில்தான் மதுரையில் முற்றுகை தொடங்கிற்று. மருதநாயகம் என மக்கள் வழங்கும் யூசுப்கான் 1759 முதல் மதுரையை நிர்வகித்தவர். ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் பணிய மறுத்து, வெடிமருந்தும் பீரங்கியும் சேர்த்துக் கோட்டையை வலுப்படுத்தினார். மார்ஷான் என்பவரின்கீழ்ப் பிரெஞ்சு வீரர்களும் உள்ளே இருந்தனர். தம் அரசர் சமாதானம் செய்துகொண்ட பின்னும் அவர்கள் இங்கே போரிட்டனர்!

மழை வரவே 1763 நவம்பரில் முற்றுகை விலகியது. மறு ஆண்டு மீண்டும் சூழ்ந்தது. 1764 ஜூன் 26இல் கோட்டைமேல் நடந்த தாக்குதல் தோற்றது. அதன்பின் கம்பெனிப் படை உணவு உள்ளே போகும் வழிகளை அடைத்தது. வெடிமருந்தால் ஆகாததைப் பசி செய்து முடித்தது. அக்டோபர் 13இல் மார்ஷானும் சீனிவாசராவ் முதலிய சொந்த அலுவலரும் சேர்ந்து யூசுப்கானைப் பிடித்துக்கொடுத்தனர். 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் கல்லறை உள்ளது.

இப்போரில் படைப்பொருள் எது? இரத்தின கரண்டகத்தில் ஆச்சாரியர் சமந்தபத்திரர் கொடுக்கலாகாதவற்றை எண்ணும்போது மழு, வாள், நெருப்பு, விலங்கு இவற்றோடு மண்வெட்டியையும் சேர்க்கிறார். உழவுக் கருவி ஏன் இங்கே வந்தது என்று நமக்கும் முதலில் ஐயமே. ஆனால் முற்றுகைப் போரில் பீரங்கிக்கு முன்னே செல்வது பதுங்குகுழி வெட்டும் மண்வெட்டியன்றோ!

அப்படியாயின் இரும்பு விற்பதே பாவமோ? அழகர்மலைக் குகையில் துறவியர்க்குக் கற்படுக்கை அமைய உதவியோர் பெயர்களைத் தமிழிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உப்பு வணிகன், பணித வணிகன் ஆகியோருடன் கொழு வணிகனும் அங்கே உள்ளான். ஏர்க்கொழுவும் இரும்புதான். ஆகவே பொருளைவிட அது போய்ச்சேரும் இடம் அறிந்து கொடுப்பதே குற்றம் என்று நாம் கொள்கிறோம். அரிசியோ இன்னும் நுட்பமானது: 1764இல் அதைக் கொடாமையே ஆயுதமாயிற்று.

இனித் தீய நினைவு. பிறர் கொல்லப்படவேண்டும், கட்டுண்ணவேண்டும் என எண்ணுவது அது. சர்வார்த்த சித்தியில் பூச்சியபாதர் பிறருடைய வெற்றி தோல்விகளைச் சிந்தித்தலையும் இதனுள் அடக்குகிறார். தோல்வி மட்டுமன்று, வெற்றியும்கூட. இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நின்று படிக்கவேண்டும். போர் முடியவேண்டும் என்று நாம் விரும்பும்போது, ஒரு பக்கத்தின் குண்டுகள் தீர்ந்துபோகவேண்டும் என்றுதானே பெரும்பாலும் விரும்புகிறோம்? 1763 நவம்பர் மழையில் கோட்டைக்குள் மகிழ்ந்தோர் இருந்திருப்பர். அவர்கள் மழைக்காக மகிழ்ந்தனரா, வெளியே நனைந்தவர்களின் துன்பத்திற்காக மகிழ்ந்தனரா?