கடவாய்ப் பல்லைத் தேய்க்க விடாதீர்கள்

எனக்குக் காதோரம் வலி, வாயைத் திறந்தால் ‘டக்’கென்று சத்தம், கொட்டாவி பாதியில் நின்றுவிடும். காது டாக்டர் பார்த்துவிட்டு, காதில் கோளாறில்லை, தாடை மூட்டைக் காட்டுங்கள் என்றார். சரியாகத்தான் சொன்னார். வினை அடுத்துப் போன பல் கிளினிக்கில் காத்திருந்தது.

“கடி சரியில்லைம்மா” என்று சொல்லி, நன்றாக இருந்த கடவாய்ப் பற்களின் மேட்டை மெஷினால் தேய்த்துவிட்டார்கள். வலி நிற்கவில்லை. சாப்பிடும்போது ஒரு பக்கம் மட்டும் முதலில் இடிக்க ஆரம்பித்தது. போய்க் கேட்டால், மறுபக்கமும் கொஞ்சம் தேய்த்துச் சமப்படுத்தலாமாம்! 1934-ல் கோஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர் காது வலியையும் பல் கடியையும் முடிச்சுப் போட்டு எழுதினார். அந்த எண்ணம் இன்னும் சிலரை விடவில்லை. அதே அமெரிக்காவின் அரசுப் பல் ஆராய்ச்சி நிறுவனம் இன்று, கடியை நிரந்தரமாக மாற்றும் வைத்தியத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. பல்லைத் தேய்ப்பதும், கடியை மாற்றக் கேப் போடுவதும் அதில் அடக்கம். நாற்காலியில் சாயும் முன்பே கேளுங்கள்: “இது ஒத்துவராவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா?” பதில் மழுப்பலாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

மற்ற வைத்தியமெல்லாம் சாதாரணம். வெந்நீர்த் துணி ஒத்தடம், டாக்டர் சொன்ன நாள் வரை வலி மாத்திரை, குழைந்த சாதம். முறுக்கும் கரும்பும் மூட்டை கட்டி வைக்க வேண்டியவை. பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன் உட்காரவைத்து, நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை மெல்லத் திறந்து மூடப் பழக்கினார். இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ள நைட் கார்டு. எல்லாப் பற்களையும் மூடுவதாக, அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள். சில பற்களை மட்டும் மூடுவதை நெடுநாள் போட்டால் கடியே மாறிவிடலாம். என் நாத்தனார் என் நைட் கார்டைப் பார்த்து, “இந்த வயசிலேயே பல்செட்டா அண்ணி?” என்று சிரித்தாள். சிரிக்கட்டும், கழற்றிக் கழுவி வைக்க முடிகிறதே.

நிஜமான பலன் வகுப்பறையில்தான் கிடைத்தது. நீங்களும் என்னைப்போல ஆசிரியர் என்றால், விடைத்தாளைத் திருத்தும்போது பல்லைக் கடிப்பவர்தான், மறுக்காதீர்கள். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மட்டும் மூடியிருக்க வேண்டும். விடைத்தாள் கட்டின்மேல் ‘பல்’ என்று எழுதி வைத்தேன். பிள்ளைகள் என்னவோ நினைத்துக்கொண்டார்கள்.

‘டக்’ சத்தம் இன்னும் போகவில்லை. வலிக்காத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். ஆனால் மூன்று விரல் நுழைந்த வாயில் திடீரென்று இரண்டுகூட நுழையவில்லை என்றால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.