தட்டில் தொடங்கும் பழக்கம்: ஹெவ்லொக் டவுனின் இளம் நாய்ப் பழக்குநருக்கு



நாயைப் பழக்கித் தருமாறு ஒரு வீட்டுக்கு அழைக்கப்படுபவர், கழுத்துப்பட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னர், அந்த நாய் எதை, எப்போது, யார் கையால், எவ்வளவு உண்கிறது என்பதை விசாரித்தறிய வேண்டும். நாயின் ஒருநாள் உணவே பழக்குநருக்குரிய மூலதனம். அது காலையிலேயே தட்டில் கொட்டித் தீர்க்கப்பட்டுவிட்டால், மாலையில் கற்பிப்பதற்கு அவரிடம் எதுவும் எஞ்சுவதில்லை. ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு பெற்றது சமிபாடு பற்றிய ஆய்வுக்காகவே என்பதும், நிபந்தனைத் தெறிவினை, அதாவது உணவோடு திரும்பத் திரும்பச் சேர்ந்துவரும் ஓர் ஒலியோ காட்சியோ தானே எச்சிலை ஊறச்செய்யும் நிலை, அந்த ஆய்வின் வழியிலேயே அறியப்பட்டது என்பதும் இத்தொழிலுக்கு வருவோர் மனத்தில் இருத்தவேண்டியவை.

கொழும்பின் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பல தமிழ் வீடுகளில் நாய்க்குக் கிடைப்பது வீட்டாரின் சோறும் கறியுமே. சோறு கொடுப்பதைக் குற்றமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டாலும் அது நியாயமன்று. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்துக்கான மரபணு ஓநாயில் இரு பிரதிகளாக மட்டும் இருக்க, நாயில் 4 முதல் 30 வரை பெருகியிருப்பதைக் காட்டியது; மனிதரின் மாப்பொருள் உணவுக்கு நாய் இசைவடைந்துள்ளது என்று கொள்வதற்கு இது வலுவான சான்று. கேடு சோற்றில் இல்லை, கறியில் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்குகின்றன. கெட்டித் தேங்காய்ப்பாலிலும் பொரியலிலும் உள்ள கொழுப்பு, சமிபாட்டு நொதியங்களைச் சுரக்கும் சதையியில் அழற்சியைத் தூண்டக்கூடும். அவித்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் கிழிக்கலாம். கேக்கிலிருந்து பொறுக்கிக் கொடுக்கப்படும் முந்திரிகை வற்றல் சிறுநீரகத்தையே பழுதாக்க வல்லது. ஆகவே வீட்டாருக்கான கறியில் தூளும் வெங்காயமும் சேர்வதற்கு முன்னரே நாயின் பங்கை, உப்பும் இடாமல், வேறு சட்டியில் அவித்தெடுக்கும்படி சமைப்பவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது பழக்குநரின் முதல் வேலையாகிறது.

இறைச்சியை அள்ளிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணமும் அதேயளவு ஆபத்தானது. நாயின் உணவில் கல்சியம் பொசுபரசுக்குச் சமமாகவோ அதைவிடச் சற்று மிகுந்தோ இருக்கவேண்டும். எலும்பில்லாத இறைச்சியிலோ பொசுபரசு பல மடங்கு மிகுதி. அதை மட்டுமே உண்டு வளரும் குட்டியின் உடல், குறைபடும் கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுப்பதால் கால்கள் வளைகின்றன. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே சமைக்கும் வீட்டில், முதல்நாள் மீனும் மறுநாள் தயிர்ச்சோறுமாக உணவு திடீரென மாறும்போது வயிறு கலங்குவதும் உண்டு. வீட்டின் நோன்பை மதித்து நடப்பதே பழக்குநருக்கு அழகு. பருப்பையும் தயிரையும் எல்லா நாள்களிலும் சிறிதளவு சேர்த்துவந்தால் வெள்ளிக்கிழமை நாய்க்கு அந்நியமாகாது.

அளவைக் கண்மட்டத்துக்கு விடாமல் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். கருத்தடை செய்யப்பட்ட, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி போதும். ஹெவ்லொக் சிற்றி போன்ற தொடர்மாடிகளில், மின்தூக்கியில் இறங்கிச் சற்று நடந்து திரும்பும் நாய்க்கு அதிலும் குறைக்க நேரிடும். 600 கிலோகலோரியில் பத்திலொரு பங்கைப் பயிற்சிக்கென ஒதுக்கினால் தோல் நீக்கி அவித்த கோழியிறைச்சி 35 கிராம் அளவில் கிடைக்கும். அதனை அரைக் கிராம் துண்டுகளாக நறுக்கினால் 70 வெகுமதிகள், ஐந்து நிமிடப் பாடங்கள் மூன்றுக்கு அவை தாராளமாகக் காணும்.

பாடம் எளியது. துண்டை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தும்போது தலை நிமிர்ந்து பின்பாகம் தானாகவே தாழ்கிறது. அது நிலத்தைத் தொட்ட கணத்திலேயே துண்டு வாய்க்குச் சென்றுவிட வேண்டும், இரண்டு வினாடி பிந்தினாலும் எழுந்து நின்றதற்கே பரிசு கிடைத்ததாக நாய் கற்றுக்கொள்ளும். செயல் உறுதிப்பட்ட பின்னரே சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்பம்மா "இரு" என்றும், பிள்ளைகள் "சிற்" என்றும், வீட்டு வேலைக்கு வருபவர் "இந்தகன்ன" என்றும் சொல்லும் வீட்டில் எந்தச் சொல் என்பதைக் குடும்பத்தினர் கூடி முடிவுசெய்து, பின்னர் அனைவரும் அதற்கே கட்டுப்பட வேண்டும். கழுத்தை நெரிக்கும் சங்கிலி மூச்சுக்குழாயைக் காயப்படுத்துவதோடு பழக்குநரின் கையையே அஞ்சவும் கற்பிப்பதால், அதனை இத்தொழிலிலிருந்து முற்றாக விலக்குவதே அறம். "வா" என்று அழைத்து அடிப்பது அதனினும் கொடியது, ஏனெனில் அதன்பின் அந்தச் சொல்லுக்கு நாய் ஒருபோதும் மனமுவந்து வராது.

வீட்டுக்கு வெளியே "விடு" என்ற சொல்லே உயிர்காக்கும். இலங்கையில் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்தியபின், அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே விடும் முறை கொழும்பில் பின்பற்றப்பட்டுவருவதால், ஒழுங்கைகளில் தமக்கென எல்லை வகுத்து வாழும் நாய்களைப் பகையாமல் கடந்துசெல்லக் கற்பதும் இந்தச் சொல்லுக்கான பாடத்தின் பகுதியே. சோற்றுப்பொதியிலிருந்து வீதியில் எறியப்படும் எலும்பை நாய் கைவிட வேண்டுமானால், அதைவிடச் சுவையான ஒன்று பழக்குநரின் கையில் இருந்தாக வேண்டும். தார் வீதி பாதத்தைச் சுடுமுன், விடிகாலையில் இப்பயிற்சியை முடிப்பது நன்று.

நேற்றுவரை துண்டுக்காகத் துள்ளிய நாய் இன்று முகந்திருப்பினால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கட்டளையைக் கடுமையாக்கக் கூடாது. பல்வலி, உண்ணிக்காய்ச்சல், குடலில் சிக்கிய எலும்பு என எதுவும் காரணமாகலாம். அன்றைய பாடத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, முந்திய இரு நாள்களில் நாய் உண்டவற்றை எழுதிய தாளோடு வீட்டாரை மிருக வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.